88 லட்சம் பேரின் மறதி: அரசின் அளவுகோலில் இடம் எங்கே?

புது தில்லி: 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு எதுவுமின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை இலவச மருத்துவக் காப்பீடு வழங்கும் திட்டம் 2024-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. முதியோர் நலனில் அது முக்கியமான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. இதய அறுவைச் சிகிச்சை, மூட்டு மாற்று, புற்றுநோய் சிகிச்சை என மருத்துவமனையில் படுக்கை தேவைப்படும் பல நோய்களுக்கு அந்தக் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். ஆனால், பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து, சொந்த வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் தெருமுனையில் நிற்கும் முதியவருக்கு அந்த அட்டையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

டிமென்ஷியா எனப்படும் அறிதிறன் இழப்பு நோய்க்கு ஆளானவருக்குத் தேவைப்படுவது நோயைச் சரியாகக் கண்டறியும் மருத்துவர், மாதந்தோறும் மாத்திரை, பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஓர் இடம், ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கவனிக்க ஓர் ஆள். இவை எல்லாமே மருத்துவமனைப் படுக்கைக்கு வெளியே நடப்பவை. மத்திய அரசின் காப்பீடோ உள்நோயாளியாகச் சேர்வோரை மட்டுமே கணக்கில் கொள்கிறது.

இது ஏதோ ஒரு திட்டத்தின் குறைபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நோயை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியில் இந்தியா கடந்த 30 ஆண்டுகளாகத் தடுமாறி வந்துள்ளது. மருத்துவ ஆய்வாளர்கள் அந்தத் தடுமாற்றத்திலிருந்து பெரும்பாலும் மீண்டுவிட்டனர். ஆட்சியாளர்கள் இன்னும் மீளவில்லை.

எண்ணிக்கை சொல்வது என்ன?: அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்களுக்கான இந்தியச் சங்கம் 2010-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நாட்டில் 37 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாகக் கணித்தது. 2023-ம் ஆண்டு வெளியான ஆய்வு முடிவு அந்த எண்ணிக்கையை 88 லட்சம் என்று திருத்தியது. 60 வயதைக் கடந்தவர்களில் இது 7.4 சதவீதம். 2036-ம் ஆண்டில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 1 கோடியே 69 லட்சமாக உயரும் என்றும் அந்த ஆய்வு கணித்தது.

இந்திய முதியோர் குறித்த நீண்டகாலக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக, தில்லி எய்ம்ஸ் உள்ளிட்ட மருத்துவ நிறுவனங்களின் துணையுடன் இந்த ஆய்வு நடத்தப்பட்டது. 18 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 4,096 பேர் இதில் சோதிக்கப்பட்டனர். முதியவரிடம் நேரடியாக நினைவாற்றல் சோதனை, உடன் வாழும் உறவினரிடம் தனி விசாரணை, ஒரு பகுதியினரின் விவரங்களை மருத்துவர் குழு பரிசீலித்து அளித்த மதிப்பீடு ஆகியவற்றின் அடிப்படையில் நாடு முழுமைக்குமான கணிப்பு செய்யப்பட்டது.

இடையிலான 13 ஆண்டுகளில் நோய் இரு மடங்குக்கு மேல் பரவிவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முதியோர் எண்ணிக்கை உயர்ந்திருப்பது ஒரு காரணம். 2022-ம் ஆண்டில் 60 வயதைக் கடந்தோர் 14.9 கோடி பேர் இருந்தனர், 2050-ல் 34.7 கோடியாக உயர்வர் என மதிப்பிடப்பட்டுள்ளது. மற்றொரு காரணம், நோயை அளக்கும் முறையே மாறியிருப்பது. அந்த மாற்றத்தின் கதையை அறிந்தால்தான் இன்றைய கொள்கைக் குழப்பம் விளங்கும்.

வல்லப்கட்டிலும் வேலூரிலும்: தலைநகர் தில்லியை ஒட்டிய ஹரியாணா மாநிலத்தின் வல்லப்கட் பகுதி கிராமங்களில், 1990-களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து முதியோரின் நினைவாற்றலை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மொனாங்கஹேலா பள்ளத்தாக்கு மக்களுடன் இவர்களை ஒப்பிடுவது நோக்கம். தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது.

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த 30 மதிப்பெண் சோதனையில் இன்றைய தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்பன போன்ற கேள்விகள் உண்டு. பள்ளிக்கூடப் படியை மிதிக்காத, பேனாவைப் பிடித்தறியாத ஒரு விவசாயக் குடும்பத்துப் பாட்டி இதில் தோற்றுப்போவார். அது நோயின் அறிகுறியா, எழுத்தறிவின்மையின் விளைவா என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே, 1995-ம் ஆண்டு அந்தச் சோதனை ஹிந்தியில் புதிதாக வார்க்கப்பட்டது. ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கப்பட்டது. எழுதியிருப்பதைப் படித்துக் கண்களை மூட வேண்டும் என்பதற்குப் பதிலாக, பரிசோதகர் கண்ணை மூடிக் காட்ட, முதியவர் அதேபோலச் செய்தால் போதும் என்று மாற்றப்பட்டது. கல்வியையும் அறிதிறனையும் பிரித்துப் பார்க்க இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முன்னோடி முயற்சிகளில் இது முக்கியமானது.

அந்த ஆய்வின் முடிவு 1998-ம் ஆண்டு வெளியானபோது உலகமே வியந்தது. வல்லப்கட்டில் 65 வயதைக் கடந்தவர்களில் அல்சைமர் நோய் உள்ளவர்கள் சுமார் 1 சதவீதம் மட்டுமே. உலகில் பதிவான மிகக் குறைந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. காய்கறி உணவு, கூட்டுக் குடும்பம், மரபணு, நோய் வந்தவர்கள் நீண்ட நாள் உயிர்வாழாமை எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. இந்தியர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வராது என்ற நம்பிக்கையும் பொதுவெளியில் வேரூன்றியது.

அதே 1998-ம் ஆண்டு கொச்சியில் கூடிய சர்வதேச ஆய்வாளர்கள் 10/66 என்ற ஆராய்ச்சிக் குழுவை அமைத்தனர். டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆனால், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 10 சதவீதத்துக்கும் குறைவு என்பதே அந்தப் பெயரின் பொருள். இந்தக் குழுவின் இந்திய ஆய்வுக் களங்கள் இரண்டும் தமிழகத்தில் அமைந்தன: நகர்ப்புறத்துக்குச் சென்னை, கிராமப்புறத்துக்கு வேலூர்.

2008-ம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான அதன் முடிவு சிந்திக்க வைப்பது. வேலூர் வட்டாரக் கிராமங்களில் 65 வயதைக் கடந்தவர்களை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி அளந்தபோது, நோயாளிகள் வெறும் 0.3 சதவீதம். ஆய்வு நடந்த நாடுகளிலேயே மிகக் குறைந்த அளவு இதுதான். அதே மக்களை 10/66 குழு வகுத்த முறையில் அளந்தபோது விகிதம் பல மடங்கு உயர்ந்தது. ஊர் மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஆண்டும் மாறவில்லை. மாறியது அளவுகோல் மட்டுமே.

ஏன் இந்த வேறுபாடு?: அமெரிக்க வரையறையில் ஒரு நிபந்தனை உண்டு. நினைவாற்றல் குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்விலும் பணியிலும் தெளிவான பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். தனியாக வாழ்ந்து, கார் ஓட்டி, வங்கிக் கணக்கைத் தானே பராமரிக்கும் அமெரிக்க முதியவருக்கு நினைவு தடுமாறினால் பாதிப்பு உடனே வெளிப்படும். மருமகள் சோறு போட, பேரன் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல, திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் கிராமத்து முதியவரிடம் யாரும் கணக்கு வழக்கு கேட்பதில்லை. அவரது மறதி வெளியே தெரிவதற்கு வாய்ப்பே இல்லை. தெரிந்தாலும், வயதானால் அப்படித்தான் என்று குடும்பம் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

புதிய அளவுகோல் சற்றுத் தாராளமானது, நோயில்லாத சிலரையும் அது நோயாளியாகக் கணக்கிட்டுவிடக் கூடும் என்ற விமர்சனமும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், பழைய அளவுகோல் பெரும் எண்ணிக்கையிலானோரைத் தவறவிட்டது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

2023-ம் ஆண்டு முடிவுகளில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. ஆண்களில் 5.8 சதவீதமாக உள்ள நோய், பெண்களில் 9 சதவீதமாக உள்ளது. நகரங்களில் 5.3 சதவீதம், கிராமங்களில் 8.4 சதவீதம். தில்லியில் 4.5 சதவீதமாகவும், ஜம்மு-காஷ்மீரில் 11 சதவீதமாகவும் இருப்பதாக அந்த ஆய்வு கூறுகிறது. நரம்பியல் நிபுணர்களும் ஸ்கேன் வசதிகளும் குவிந்திருக்கும் தலைநகரில் நோய் குறைவு. அவை எட்டாத கிராமத்துப் பெண்களிடம் நோய் அதிகம். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதைக் கடந்த பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 28 சதவீதம் மட்டுமே என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். இளமையில் கிடைக்கும் கல்வி, முதுமையில் மூளைக்குக் கவசமாக அமைகிறது என்பது உலகெங்கும் உறுதி செய்யப்பட்ட உண்மை. அறுபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமிகள் அதன் விலையை இன்று முதுமையில் கொடுக்கின்றனர்.

எல்லா மறதியும் அல்சைமர் அல்ல: மறதி என்றதும் அல்சைமர் என்ற பெயரே நினைவுக்கு வருகிறது. டிமென்ஷியா என்பது பல நோய்களின் பொதுப்பெயர். அதில் அல்சைமர் முதன்மையானது. பக்கவாதத்தாலும், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றால் மூளையின் நுண்குழாய்கள் அடைபடுவதாலும் வருவது அடுத்தது. மாயத் தோற்றங்களும் உடல் விறைப்பும் சேர்ந்து வரும் லூயி பாடி வகை, நினைவுக்கு முன்பே நடத்தையும் பேச்சும் மாறும் முன்மூளை வகை ஆகியவையும் உள்ளன. இவற்றை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை.

ஆனால், இதே அறிகுறிகளுடன் வந்து, சிகிச்சையால் சீராகக்கூடிய காரணங்களும் உள்ளன. வைட்டமின் பி-12 பற்றாக்குறை அவற்றில் ஒன்று. புலால் உண்ணாதவர்களிடமும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களிடமும் இந்தக் குறைபாடு காணப்படுகிறது. தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தொடர் மதுப்பழக்கத்தால் ஏற்படும் தயமின் பற்றாக்குறை ஆகியவையும் மறதியாக வெளிப்படும். கீழே விழுந்து சில வாரங்கள் கழித்து, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தமும் அவ்வாறே. தடுமாறும் நடை, சிறுநீர் கட்டுப்பாட்டை இழத்தல், மறதி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். எச்.ஐ.வி., சிபிலிஸ், மூளையுறைக் காசநோய், நாடாப்புழுக் கட்டி ஆகிய தொற்றுகளை இந்தியாவில் மறந்துவிட முடியாது. தூக்க மாத்திரையும் சில ஒவ்வாமை மருந்துகளும்கூட முதியோரின் நினைவைக் குழப்பும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டிமென்ஷியா அறிகுறிகளுடன் வந்த 129 பேரை ஆராய்ந்து 2005-ம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய 18 சதவீதம் பேருக்குச் சீராக்கக்கூடிய காரணம் இருந்தது தெரியவந்தது. நாடெங்குமிருந்து சிக்கலான நோயாளிகள் அனுப்பப்படும் உயர்நிலை மருத்துவமனையின் கணக்கு இது என்பதால் கிராமத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2003-ம் ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி, சீராக்கக்கூடிய காரணம் இருந்தவர்கள் 9 சதவீதம். உண்மையில் பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே, இதில் மிகையான நம்பிக்கை கூடாது. அதே வேளையில், காரணம் கண்டறியத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் சீராகும் வாய்ப்பு சுருங்குகிறது என்பதையும் மறுக்க முடியாது.

பரிசோதனைக்கு என்ன தேவை?: முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மறதி எப்போது தொடங்கியது, படிப்படியாக வந்ததா, திடீரென வந்ததா என்று உடன் வாழ்பவரிடம் கேட்பது முதல் படி. சில நாள்களுக்குள் திடீரெனக் குழப்பம் வந்தால் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு போன்ற உடனடிச் சிகிச்சை தேவைப்படும் நிலையே. அடுத்து, உட்கொள்ளும் மாத்திரைகளைச் சரிபார்ப்பது, செவித்திறனையும் பார்வையையும் சோதிப்பது, அவரவர் தாய்மொழியில் எளிய நினைவாற்றல் சோதனை நடத்துவது, தைராய்டு, பி-12, சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை செய்வது. இவற்றுக்குப் பின்னரே மூளை ஸ்கேன் தேவைப்படும். ஸ்கேன் தவிர மற்ற அனைத்தையும் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனையிலேயே செய்துவிட முடியும்.

மொழிச் சிக்கலுக்கும் விடை உருவாகி வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களுடன் இணைந்து, முதற்கட்டமாக ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் அறிதிறன் சோதனைத் தொகுப்பை உருவாக்கி 2020-ம் ஆண்டு அதன் ஆய்வு முடிவை வெளியிட்டது. மொழியின் முக்கியத்துவத்தை ஹைதராபாதில் 648 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-ம் ஆண்டு வெளியான ஆய்வும் உணர்த்துகிறது. ஒரே மொழி பேசுபவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுபவர்களுக்கு நோய் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மருந்தும் விலையும்: தற்போது புழக்கத்தில் உள்ள டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டைன் போன்ற மாத்திரைகள் நோயை நிறுத்துவதில்லை, சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் மட்டுப்படுத்துகின்றன. அமெரிக்காவில் 2023-ம் ஆண்டு முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப், 2024-ல் ஒப்புதல் பெற்ற டோனனெமாப் ஆகிய ஊசி மருந்துகள் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுகின்றன. லெகனெமாப் பெற்றவர்களிடம் 18 மாதங்களில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. ஆனால், இம்மருந்துகள் தொடக்க நிலை நோயாளிகளுக்கு மட்டுமே பொருந்தும். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் ஏற்படும் அபாயம் இருப்பதால் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும். லெகனெமாபுக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர். ரூபாயில் 20 லட்சத்துக்கும் அதிகம்.

நோய் இருப்பதே தெரியாமல் பெரும்பாலோர் வாழும் நாட்டில், தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டுமான மருந்து எத்தனை பேரைச் சென்றடையும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதைவிடப் பெரிய வாய்ப்பு தடுப்பில் உள்ளது. 2024-ம் ஆண்டு லான்செட் ஆணையம் 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் களைந்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. கல்விக் குறைவு, செவித்திறன் இழப்பு, பார்வைக் குறைபாடு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், மது, தலைக்காயம், தனிமை, காற்று மாசு ஆகியவை அதில் அடங்கும். கண்புரை அறுவையும் காது கேட்கும் கருவியும் மூளையைக் காக்கும் சிகிச்சைகள் என்ற பார்வை நம் நலத் திட்டங்களில் இன்னும் இடம்பெறவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் நச்சுப் புகையில் மூழ்கும் தில்லிக்கு, காற்று மாசு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை என்ற எச்சரிக்கையும் இதில் உள்ளது.

திட்டங்களின் இடைவெளியில்: 1982-ல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டம், 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் மருத்துவத் திட்டம், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான தொற்றா நோய்த் திட்டம் என மூன்று திட்டங்கள் உள்ளன. டிமென்ஷியா மூன்றுக்கும் சொந்தமானது. அதனாலேயே எதற்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது.

இதற்கு ஒரு சிறு சான்று போதும். வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் முதியோருக்கான கேள்விகளுள், நெருங்கியவர்களின் பெயரையோ வீட்டு முகவரியையோ மறந்துவிடுகிறீர்களா என்ற கேள்வியும் உள்ளது. மத்திய அரசு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டது. ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்து யார் சோதிப்பது, எந்த மொழிச் சோதனையால், எந்த ரத்தப் பரிசோதனையுடன், நோய் உறுதியானால் குடும்பத்துக்கு யார் வழிகாட்டுவது என்ற தொடர்ச்சிதான் இல்லை. ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளதாக நாடாளுமன்ற நிலைக்குழு 2023-ம் ஆண்டு சுட்டிக்காட்டிய நாட்டில், நிபுணர்களை மட்டுமே நம்பி இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

மாநிலங்களில் சில முன்மாதிரிகள் உள்ளன. கேரள அரசு 2014-ம் ஆண்டிலேயே டிமென்ஷியாவுக்கெனத் தனித் திட்டம் தொடங்கி, பகல் நேரப் பராமரிப்பு மையம், முழுநேர இல்லம், பணியாளர் பயிற்சி ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. கர்நாடகம் 2022-ம் ஆண்டு நிம்ஹான்ஸுடன் இணைந்து மூளை நலத் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தது. சென்னை கிண்டியில் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை தமிழகத்துக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. எனினும், கிண்டியில் உள்ள நிபுணரின் அறிவு திருவண்ணாமலை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை சென்றடைவதற்கான பாலம் தனியே கட்டப்பட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ம் ஆண்டு ஏற்றுக்கொண்ட உலகளாவிய செயல்திட்டம், 2025-க்குள் உறுப்பு நாடுகளில் 75 சதவீதம் டிமென்ஷியாவுக்கான தேசியக் கொள்கையை வகுக்க வேண்டும் என்று இலக்கு நிர்ணயித்தது. அந்தக் காலக்கெடு 2031 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. முதல் காலக்கெடு முடிந்தபோது, தனித் தேசியத் திட்டம் வகுத்த நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை.

சட்டத்தின் மௌனம்: நோயாளியின் சார்பில் முடிவெடுப்பது யார் என்ற கேள்வியும் விடையின்றி நிற்கிறது. வாஜ்பாய் அரசில் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் அல்சைமர் நோய்க்கு ஆளானபோது, அவரை யார் பராமரிப்பது, யார் சந்திக்கலாம் என்ற பிரச்னையில் 2010-ம் ஆண்டு அவரது மனைவியும் சகோதரர்களும் தில்லி உயர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றனர். நீண்டகால அரசியல் தோழரான ஜெயா ஜேட்லி அவரைச் சந்திக்க அனுமதி கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவசரநிலைக் காலத்தில் விலங்கிட்ட கையை உயர்த்தி நின்ற தலைவர், 2019-ம் ஆண்டு மறையும் வரை தன் விருப்பம் எதுவென்று சொல்ல இயலாத நிலையில் இருந்தார். பெயர் பெற்ற குடும்பத்துக்கே நீதிமன்றம்தான் வழி என்றால், சாதாரணக் குடும்பங்களின் நிலை என்ன?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உள்ளூர்க் குழு மூலம் காப்பாளரை நியமிக்க 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வகை செய்கிறது. அந்தப் பட்டியலில் டிமென்ஷியா இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோயின் பெயர் உள்ளது. டிமென்ஷியாவின் பெயர் இல்லை. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் வரையறையில் நினைவுக் கோளாறும் அடங்கும். எதிர்காலச் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதி வைக்கவும், பிரதிநிதியை நியமிக்கவும் அதில் இடம் உண்டு. ஆனால், அந்த ஆவணத்தை எழுதும் தெளிவு இருக்கும்போதே நோய் கண்டறியப்பட்டால்தான் அந்த உரிமைக்குப் பொருள் இருக்கும். வங்கிக் கணக்கும் சொத்தும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. கணவரின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அவரது மருந்துக்குப் பணம் எடுக்க முடியாமல் மனைவி தவிக்கும் நிலை உருவாவது இதனால்தான்.

குணமில்லாத நோயைக் கண்டறிந்து என்ன பயன்?: இந்தக் கேள்வியைச் சுகாதாரத் துறையின் நிதிப் பொறுப்பாளர்கள் எழுப்பினால் அதைத் தள்ளிவிட முடியாது. பணம் குறைவாக உள்ள நாட்டில், காசநோய்க்கும் மகப்பேறுக்கும் முன்னுரிமை தருவதில் நியாயம் உண்டு. ஆனால், நோயைக் கண்டறியாமல் இருப்பதும் செலவில்லாத காரியம் அல்ல. காரணம் தெரியாமல் மருத்துவமனை மாறி மாறி அலையும் செலவும், தேவையற்ற ஸ்கேன்களும், வேலையை விட்டுவிட்டு வீட்டில் அமரும் மகளின் இழந்த ஊதியமும் எந்த அரசுக் கணக்கிலும் பதிவாவதில்லை. அச்செலவை அரசு ஏற்காததால் அது இல்லாமல் போய்விடவில்லை. குடும்பங்களின் தலையில், பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகிறது.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. ஆஷா பணியாளரின் படிவத்தில் ஆமாம் என்று பதிலளித்தவருக்கு, வட்டார அளவில் தாய்மொழிச் சோதனையும் அடிப்படை ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்யப்பட வேண்டும். 70 வயதைக் கடந்தோருக்கான காப்பீட்டில் புறநோயாளி மதிப்பீட்டையும் பகல் நேரப் பராமரிப்பையும் படிப்படியாகச் சேர்க்க வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் காப்பாளர் நியமனம் மாவட்ட அளவிலேயே முடிந்துவிடும். மூன்று திட்டங்களுக்கும் பொதுவாக ஒரே பொறுப்பு அதிகாரியை நியமிப்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

முதியோர் பெயரால் நாடாளுமன்றத்தில் எழும் குரல்கள் பெரும்பாலும் ஓய்வூதியத்தையும், 2020-ம் ஆண்டு நிறுத்தப்பட்ட ரயில் கட்டணச் சலுகையையும் பற்றியவை. அவை நியாயமான கோரிக்கைகளே. அவற்றைக் கேட்கும் முதியோருக்குக் கேட்கும் திறன் இருக்கிறது. கோரிக்கை வைக்கும் திறனையே நோய்க்குப் பறிகொடுத்தவர்களின் சார்பில் யாரும் மனு கொடுப்பதில்லை. வேலூர் கிராமங்களில் அளவுகோலை மாற்றியபோது, அதுவரை கண்ணில் படாதவர்கள் கணக்கில் வந்தனர். மத்திய சுகாதாரத் துறையும் தன் அளவுகோலை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு நகர்த்தினால், 88 லட்சம் குடும்பங்களுக்கு அரசு இருப்பதே அப்போதுதான் தெரியும்.